கல் மேட்டில் விளைந்த வரகு

உங்களுக்கு வேறு வேலையே இல்லையா? ஊரில் கேட்பதற்கு எவ்வளவோ இருக்கிறது. யார் யாரோடு பேச்சு வார்த்தை இல்லை, எந்த மாடு கன்று போட்டது, எதையாவது கேட்கலாம். நீங்கள் ஒரு கல்லுக்குழி ஓரத்துக் காட்டைப் பற்றிக் கேட்கிறீர்கள். வெயிலில் நடந்து வந்து, வேல முள் காலில் ஏறி, அதைப் பிடுங்கிக்கொண்டே, "இந்தக் காட்டை யார் வைத்தது?" என்று கேட்டால் எனக்குச் சிரிப்பு வருமா, வராதா? யாரும் வைக்கவில்லை. ஆடு வைத்தது. தான் வைத்தது ஆட்டுக்கே தெரியாது. இதைத் தெரிந்துகொண்டு எந்தக் கோட்டையைப் பிடிக்கப் போகிறீர்களோ, எனக்குத் தெரியவில்லை. கேட்டுவிட்டீர்கள், சொல்லித் தொலைக்கிறேன். உட்காருங்கள். முள் பார்த்து உட்காருங்கள்.

அந்த நிலம் என் மஞ்சக்காணி. பெண்ணைக் கட்டிக் கொடுக்கும்போது மஞ்சளுக்கும் குங்குமத்துக்கும் என்று பிறந்த வீட்டில் கொடுக்கிற நிலத்துக்கு அப்படிப் பேர். அரியலூருக்கு மேற்கே இருக்கிற நிலமெல்லாம் எப்படி என்றால், மேலே ஒரு முழம் கருப்பு மண், அதற்குக் கீழே வெள்ளைக் கல். என் அப்பா மேலே பார்த்துக் கொடுத்தார். என் வீட்டுக்காரர் கீழே பார்த்து வாங்கிக்கொண்டார்.

நான் வந்த கொஞ்ச காலத்திலேயே ஒரு கல் குத்தகைக்காரர் வந்தார். சுண்ணாம்புக் காளவாய்க்குக் கல் எடுக்கிறவர். கடப்பாரையும் வெடிமருந்துமாக ஆட்களைக் கொண்டுவந்து நிலத்தில் பாதியைத் தோண்டினார். தோண்டிய கல்லில் நத்தையும் சிப்பியும் ஒட்டிக்கொண்டு வந்தன. கடல் எங்கே, அரியலூர் எங்கே என்று பார்க்க வந்தவர்கள் எல்லாரும் கேட்டுவிட்டுப் போனார்கள். பதில் யாருக்கும் தெரியாது. அதனால் யாரும் நின்று கேட்கவும் இல்லை.

பிறகு சண்டைக் காலம் வந்தது. வெடிமருந்து எல்லாம் வெள்ளைக்காரன் சண்டைக்குப் போய்விட்டது. குத்தகைக்காரர் கடப்பாரைகளைக் கட்டி வண்டியில் போட்டுக்கொண்டு, "மருந்து வந்ததும் வந்து மீதிப் பாதிய எடுத்துக்கிறேன்" என்றார். என் வீட்டுக்காரர், "தாராளமா எடுத்துக்குங்க" என்றார். நிலத்துக்காரி நான் பக்கத்தில்தான் நின்றேன். சாணி தட்டிக்கொண்டிருந்ததால் கண்ணுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது.

அவர் விட்டுவிட்டுப் போனது என்ன? பாதி நிலத்தில் ஆள் மேல் ஆள் நின்றாலும் தலை தெரியாத குழி. மீதிப் பாதி நிலத்தில், குழியிலிருந்து அள்ளிக் கொட்டிய உடைகல் மேடு. என் அப்பா பார்த்துக் கொடுத்த கருப்பு மண் அந்த மேட்டுக்கு அடியில் எங்கேயோ மூச்சு முட்டிக் கிடந்தது. சித்திரை வெயிலில் அந்தப் பக்கம் பார்த்தால் கண் கூசும். எருக்கஞ்செடிகூட அங்கே முளைக்க யோசித்தது.

என் மாமியாருக்கு அது நல்ல வசதியாகப் போயிற்று. வெற்றிலை போடும்போதெல்லாம் சொல்வார்.

"மஞ்சக்காணி குடுத்தாங்களாம், மஞ்சக்காணி. கையால அள்ளுனா சுண்ணாம்பா வருது. இந்தா புள்ள, ஒங்கப்பன் ஊட்டுச் சீதனத்துல கொஞ்சம் வெத்தலைக்குத் தடவு."

"தடவுறேன் அத்தை. வாய் வெந்துதுன்னா என்னையக் கேக்கக் கூடாது."

"எனக்கு வேவாது. ஒன் வாய்க்குப் பக்கத்துல இருந்து இருந்து பழகிப்போச்சு."

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. மீதிப் பாதியும் குழியாகக் கூடாது. அதுவும் போனால், பிறந்த வீட்டிலிருந்து எனக்கு வந்தது என்று காட்ட ஒரு பள்ளம்தான் மிஞ்சும். அழுதுகொண்டெல்லாம் திரியவில்லை. சோறு இறங்கியது, தூக்கமும் வந்தது. ஆனால் அது மட்டும் நடக்கக் கூடாது என்று இருந்தேன். வீட்டுக்காரரிடம் ஒரு நாள் கேட்டுப் பார்த்தேன்.

"ஏங்க, மீதியத் தோண்ட வேணாம்னு சொல்லிப்புடுங்க."

"சொல்லிப்புட்டு? அந்தக் கல்லு மேட்டுல என்னா, சம்பா நெல்லா விளையப் போவுது?"

"விளையாட்டி என்னா, சும்மா கெடக்கட்டும்."

"சும்மா கெடக்குறதுக்கா நிலம்?"

"நீங்க சாப்புட்டுட்டு மத்தியானம் பூராவும் கெடக்கல? ஒங்களை யாராச்சும் தோண்டுனாங்களா?"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அவருக்குத் துண்டுதான் பதில்.

இனி கிடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அறுப்பு முடிந்து நிலம் காய்ந்து கிடக்கும்போது தெற்கேயிருந்து ஆட்டு மந்தை ஓட்டிக்கொண்டு வருவார்கள். பகலில் மேய்ப்பார்கள். பொழுது சாய்ந்ததும் யார் நிலத்தில் கேட்கிறார்களோ அங்கே படல் வைத்து அடைப்பார்கள். ஆடு படுத்து எழுந்தால் அந்த மண்ணுக்கு எரு. அதைத்தான் கிடை போடுவது என்போம். இது எல்லா ஊரிலும் உண்டு. எங்கள் வீட்டில் அதற்கு மேல் ஒரு கட்டுப்பாடும் உண்டு. கிடை போட்ட மண்ணிலிருந்து ஒரு வெள்ளாமை வீட்டுக்கு வந்து, அதை வீட்டுப் பெரியவள் கையால் புடைத்து, சாமிக்குப் பொங்கி வைக்கிற வரைக்கும் அந்த நிலத்தை இன்னொருத்தர் கையில் கொடுக்கக் கூடாது. "எரு விழுந்த மண்ணு புள்ளத்தாச்சி மாரி. பெத்துப் பொழைக்காம ஊட்ட விட்டு அனுப்பப்படாது" என்பார் என் மாமியார். ஒரு தடவை ஒரு பங்காளி இதை மீறிக் கொடுத்ததாகவும், மறு மாதமே அவர் எருமை செத்ததாகவும் சொல்வார். எருமைக்கு வயசாகியிருந்தது என்று மாமனார் காலத்தில் ஒரு பேச்சு இருந்தது. அதை மாமியார் முன்னால் யாரும் பேச மாட்டார்கள்.

அந்தப் பங்குனியில் என் வீட்டுக்காரர் தா.பழூரில் ஒரு காதுகுத்துக்குப் போனார். பெட்ரோல் கிடைக்காத காலம். பஸ்ஸுக்குப் பின்னால் ஓர் அடுப்பைக் கட்டிவிட்டு, கரி போட்டு எரித்து ஓட்டுவார்கள். மேடு வந்தால் பஸ் நிற்கும். ஆட்கள் இறங்கித் தள்ளுவார்கள். போனவர் சீக்கிரம் திரும்ப மாட்டார் என்று எனக்குத் தெரியும். ஏரிக்கரையில் மந்தை மேய்த்துக்கொண்டிருந்த கிடைக்காரரைக் கூட்டிக்கொண்டு போய் கல் மேட்டைக் காட்டினேன்.

அவர் மேட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, இதுவா நிலம்? ஆட்டுக்குக் கால் கொளம்பு கிழிஞ்சிடும்."

"ஏன், ஒங்க ஆடு இலவம்பஞ்சு மெத்தையிலதான் படுக்குமோ?"

"வெளையாடாதம்மா. மண்ணே இல்ல. எரு எதுல போயி சேரும்?"

"சேர்றது என் பாடு. படுக்க வைக்கிறது ஒங்க பாடு. இங்க கிடை கெடக்குற வரைக்கும் கம்பங்கூழும் கருவாட்டுக் கொழம்பும் வந்துரும்."

"என்னா கருவாடு?"

"நெத்திலி."

கொஞ்ச நேரம் தாடியைச் சொறிந்தார்.

"மேட்டுக்கு இந்தப் பக்கமா அடைச்சா அவ்வளவா குத்தாதுன்னு தோணுது" என்றார்.

அந்த ஆடுகள் பகலெல்லாம் ஏரிக்கரை வேல மரங்களுக்கு அடியில் உதிர்ந்து கிடந்த நெற்றைத் தின்றுவிட்டு வந்தவை. எனக்கு அப்போது அதில் ஒரு கவனமும் இல்லை. எனக்கு வேண்டியது புழுக்கை. அது விழுந்தால் வீட்டுக் கட்டுப்பாடும் அந்த நிலத்தின் மேல் விழுந்துவிடும். கல்லும் புழுக்கையும் வெள்ளையும் கருப்புமாக, மேட்டில் எள்ளை வாரி இறைத்த மாதிரி ஆயிற்று.

என் வீட்டுக்காரர் முகமெல்லாம் கரியாகத் திரும்பி வந்தார். பஸ்ஸைத் தள்ளின கரி. விஷயம் தெரிந்ததும் கரிக்கு அடியில் முகம் சிவந்திருக்கும், வெளியே தெரியவில்லை.

"ஆத்தா, இந்தக் கூத்தப் பாத்தியா? கல்லு மேல கிடை போட்டிருக்கா ஒம் மருமவ!"

மாமியார் உலக்கையை நிறுத்தினார். என்னைப் பார்த்த பார்வையில் அந்த உலக்கையே என் மேல் விழுந்த மாதிரி இருந்தது.

"கல்லு மேல எவளும் போட மாட்டா. போட்டிருக்கா, எகத்தாளம் புடிச்சவ" என்றார். பிறகு மகனைப் பார்த்தார். "ஆனா போட்டாச்சில்ல? இனி வெள்ளாமை வராம குடுக்க முடியாது."

"அதுல எப்படி ஆத்தா வெள்ளாமை வரும்?"

"அத ஆட்டுக்கிட்ட கேளு."

ஆடி பிறந்ததும் என் வீட்டுக்காரர் வரகு விதைத்தார். கல் மேட்டில் வரகு விதைத்த மனிதர் ஜில்லாவிலேயே அவர் ஒருத்தர்தான் இருப்பார். வரகு வரவில்லை. அதற்குப் பதிலாக மழைக்குப் பிறகு புழுக்கை கிடந்த இடமெல்லாம் பொடிப் பொடியாக இலை விட்ட செடிகள் எழுந்தன. களை என்று பிடுங்கப் போனார். முள் குத்தியது. பிடுங்கப் பிடுங்க வேறு இடத்தில் வந்தது. விரலில் சீழ் வைத்து, வேப்பெண்ணெய் போட்டு, கடைசியில் விட்டுவிட்டார். ஆட்டு வயிற்றில் ஊறி வந்த வேலங்கொட்டைக்குக் கல்லும் மண்ணும் ஒன்றுதான் என்று அப்புறம்தான் எங்களுக்குப் புரிந்தது.

ஒவ்வோர் ஆடியும் அவர் விதைப்பார். ஒவ்வொரு தையும் வெறுங்கையோடு வருவார். விளைய வேண்டும் என்று அவ்வளவு ஆசைப்பட்ட குடியானவரை நான் பார்த்ததில்லை. அதுவும் தூக்கிக் கொடுத்துவிடுவதற்காக.

நாங்கள் இப்படி இருக்க, மேடு தன்பாட்டுக்கு ஏதேதோ செய்துகொண்டிருந்தது. வேல மரங்கள் இடுப்பளவு வந்து, தலைக்கு மேலே போயின. உதிர்ந்த இலை கல்லிடுக்கில் தங்கியது. அதில் ஆவாரை வந்தது, துத்தி வந்தது, பெயர் தெரியாத புல் வந்தது. குழியில் மழைத் தண்ணீர் நின்றது. முதல் வருஷம் பால் மாதிரி கலங்கி இருந்த தண்ணீர் பிறகு தெளிந்தது. தவளை எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள், என்னிடம் சொல்லிக்கொண்டு வரவில்லை. தவளையைப் பார்க்கப் பாம்பு வந்தது, பாம்பைப் பார்க்கக் கீரி வந்தது. முயல் புழுக்கையைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரர், "திரும்பக் கிடை போட்டுட்டாளா?" என்று ஆத்தாவிடம் கோள் சொல்லப் போனார். பொழுது சாயும்போது கௌதாரி கத்தும். அந்தச் சத்தம் எங்கள் தெருவில் இருந்தே கேட்கும்.

மாமியார் முதலில் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் பஸ்ஸுக்கும் கரி, காளவாய்க்கும் விறகு என்று சுற்றுப்பட்டில் நின்ற மரமெல்லாம் போய், அடுப்புக்குச் சுள்ளி கிடைக்காத காலமாகிவிட்டது. ஒரு நாள் முந்தானை நிறைய வேல நெற்றும் தலையில் ஒரு சுள்ளிக் கட்டுமாக வந்தார். நெற்றைத் தன் வெள்ளாட்டுக்குப் போட்டார். சுள்ளியை நான் அடுப்புக்குள் தள்ளினேன். அதற்குப் பிறகு தினமும் மேட்டுக்குப் போனார்.

ஒரு தடவை கரி சுடுகிறவன் ஒருவன் அரிவாளோடு மேட்டுக்குப் போயிருக்கிறான். கொஞ்ச நேரத்தில் அவன் முன்னால் ஓடி வந்தான். மாமியார் பின்னால் வந்தார்.

"பச்சை மரத்துல கைய வைக்கிறியா? பஸ்ஸுக்குக் கரி வேணும்னா ஒன் ஊட்டு நெலைக்கதவை வெட்டிக் கொளுத்துறா!"

"முள்ளு மரந்தானே ஆயா!"

"முள்ளு மரத்துக்கிட்ட ஒனக்கு என்னாடா வேலை?"

தெரு முழுக்க வேடிக்கை பார்த்தது. நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தவில்லை. நிமிர்த்தினால் சிரித்திருப்பேன். சிரித்தால் எனக்கும் விழும்.

சண்டை ஓய்ந்தது. கரி பஸ் போய்ப் பழைய பஸ் வந்தது. அந்த வருஷம்தான் வினை வந்தது. மேட்டின் சரிவில், மரங்களுக்கு நடுவே, இலைக் குப்பை சேர்ந்து கருத்திருந்த ஒரு துண்டு இடத்தில் என் வீட்டுக்காரர் போட்ட வரகு முழங்கால் உயரம் வந்துவிட்டது. கதிரும் வைத்தது. இத்தனை வருஷம் அந்த மண் செத்துக் கிடந்ததுதான் எனக்குக் காவலாக இருந்தது. அது உயிர் பிடித்ததும் எனக்குப் போகப் போகிறது. இதை யாரிடம் சொல்லிச் சிரிப்பது?

அவர் வாய் காதுவரை போயிற்று. குத்தகைக்காரரும் மருந்தோடு காத்திருக்கிறார் என்று சேதி வந்தது. தை பிறந்ததும் அறுத்து, அடித்து, ஒரு சின்னக் குவியலாக வாசலில் பாயில் கொண்டுவந்து கொட்டினார். பின்னால் பேச்சு வரக் கூடாது என்று, ஆத்தா புடைக்கும்போது நேரில் பார்த்துவிட்டுப் போங்கள் எனக் குத்தகைக்காரரையும் வரச் சொல்லியிருந்தார். அவர் கயிற்றுக் கட்டிலில் வந்து உட்கார்ந்தார். நான் மோர் கொடுத்தேன். வேறு என்ன கொடுப்பது? என் கையில் ஒரு வித்தையும் மிச்சமில்லை. குவியலில் ஒரு கை அள்ளிப் பார்த்தேன். நல்ல மணி, கனமாகத்தான் இருந்தது.

மாமியார் முறத்தை எடுத்துக்கொண்டு வந்தார். சுவர் ஓரமாக உட்காராமல் வாசல் நடுவில் போய், குத்தகைக்காரருக்கு எதிரே நின்றார். ஒரு முறம் அள்ளினார். வீசினார்.

நான் அவருக்கு மருமகளாக வந்த நாள் முதல் அவர் புடைப்பதைப் பார்த்திருக்கிறேன். முறத்தில் அரிசியை ஓரம் தட்டி, தவிட்டை மட்டும் மெதுவாக மூச்சு விடுகிற மாதிரி வெளியே அனுப்புவார். ஒரு மணி கீழே விழாது. அன்றைக்கு அவர் வீசிய வீச்சில் முறமே பறந்திருக்க வேண்டியது.

"பதரு" என்றார்.

"ஆத்தா, மெல்ல!" என்று என் வீட்டுக்காரர் எழுந்தார்.

"நீ பொடைக்கிறியா? வா. எம் பொடவையத் தரேன், கட்டிகிட்டு வந்து பொடை."

குத்தகைக்காரர் சிரித்தார். திறந்த வாய்க்குள் அடுத்த வீச்சு போயிற்று. இருமினார். மாமியார் நிற்கவில்லை. அள்ளுகிறார், வீசுகிறார், "பதரு" என்கிறார். தை மாதத்தில் அவ்வளவு காற்று இருக்காது. அன்றைக்கு எல்லாக் காற்றும் அந்த முறத்தில்தான் இருந்தது.

அப்போது வீட்டுக் கோழிகள் அத்தனையும் ஓடி வந்தன. குஞ்சும் குளுவானுமாக விழுந்து பிடுங்கிக்கொண்டு கொத்த ஆரம்பித்தன. குத்தகைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார்.

"என்னாங்க ஆயா, பதர கோழி இந்த வெறியில கொத்துது?"

மாமியார் முகத்தில் ஒரு சுருக்கமும் அசையவில்லை.

"எங்கூட்டுக் கோழி, நீங்க போட்டுட்டுப் போன சுண்ணாம்புக் கல்லப் பொறுக்கி வளந்தது தம்பி. அது எதையும் கொத்தும். காலை நகத்திக்குங்க, அதையும் கொத்தப் போவுது."

அவர் காலைத் தூக்கிக் கட்டிலில் வைத்துக்கொண்டார்.

பாய் காலியானது. மாமியார் முறத்தைக் கவிழ்த்துத் தட்டினார்.

"சாமிக்கு வைக்க ஒரு மணி இல்ல. இது வெள்ளாமையில சேராது. ஆடிக்குத் திரும்ப வெதைப்பான்."

"அதுவரைக்கும் என் ஆளுங்க கைய கட்டிகிட்டு நிப்பாங்களா ஆயா?"

"நின்னா மோர் தரோம்."

குத்தகைக்காரர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் கோழியைப் பார்த்தார். கோழி யாரையும் பார்க்கவில்லை. பெருமூச்சு விட்டுத் துண்டை உதறி, வேறு ஒரு நிலம் பார்த்து வைத்திருப்பதாகச் சொல்லிக்கொண்டே குத்தகைக்காரர் கிளம்பிப் போனார். அப்புறம் அவர் இந்தப் பக்கம் வரவில்லை. என் வீட்டுக்காரரும் அடுத்த ஆடியில் விதைக்கவில்லை. விதைத்தால் விளைந்துவிடும், விளைந்தால் ஆத்தா புடைப்பார், வரகுக்குப் பிடித்த கேடு என்று சொல்லிவிட்டார்.

வாசலைப் பெருக்கும்போது கேட்டேன்.

"அத்தை, நல்ல மணியெல்லாம் போயிடுச்சே?"

"எது நல்ல மணி? எனக்குக் கண்ணு தெரியல."

"நேத்து ஊசியில நூலு கோத்தீங்க."

"அங்க வெடி வச்சுட்டான்னா நான் சுள்ளிக்கு எங்க போறது? ஒங்கப்பன் ஊருக்கா? போ, போயி கூட்டு. எட்டிப் பாக்குறாளுவ பாரு."

எட்டித்தான் பார்த்தார்கள். தெருப் பெண்களுக்கு அது ஒரு வாரமாகச் செரிக்காத விஷயம். கல் மேட்டில் வரகு விளைந்த அதிசயத்தை எல்லாரும் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்கள். அது வீட்டுக்கு வந்ததையும் பார்த்தவர்கள். பிறகு எங்கே போயிற்று என்று மட்டும் தெரியவில்லை. கிணற்றடியில் என்னைச் சுற்றி நின்றுகொண்டார்கள்.

"ஏக்கா, அம்புட்டு வரகு வந்துச்சே, ஒரு கை பொங்கிக்கூடக் காட்டலயே. என்னா ஆச்சு? ஒளிச்சு வச்சிருக்கீங்களா?"

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னேன்.

"ஒளிக்கல்லாம் இல்லடி. வூட்டுலதான் இருக்கு. கூடையில உக்காந்து முட்டை வச்சுகிட்டு இருக்கு."